வேலிக்கு அந்தப் பக்கம் டமால்!

டமால்!

கையிலிருந்த காபி டம்ளரை விட்டு எழும்பி, என் புது பனியனில் வந்து இறங்கியது. அமெரிக்க மண்ணில் எனக்கு முதல் சனிக்கிழமை இப்படித்தான் விடிந்தது.

"பயப்படாதடா... பக்கத்து வீட்டுக்காரர் சுடுறாரு" என்றான் அண்ணன், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல். பக்கத்து வீட்டில் வடை சுடுகிறார்கள் என்பது மாதிரி, அவ்வளவு சாதாரணமாக!

"எதைண்ணே சுடுறாரு?"

"தகர டப்பா, இரும்புத் தகடு, அழுகின பூசணிக்காய்... கையில என்ன கிடைக்குதோ அது."

"எதுக்கு?"

"சும்மாதான். நம்ம ஊர்ல சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறோம்ல, அது மாதிரி."

டமால்... டிங்! டமால்... டிங்! தோட்டா இரும்புத் தகட்டில் பட்டால் 'டிங்' கேட்கும். படாவிட்டால் வெறும் 'டமால்' மட்டும். சரி, படாத தோட்டா எங்கே போகும்? அன்றைக்கு எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

இது 2023 அக்டோபரில் நடந்தது. டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்கு வடக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டினால் பைன் மரக் காடு வரும். அங்கேதான் அண்ணன் வீடு. கொரோனா காலத்தில் ஒரே அறையில் அடைபட்டுக் கிடந்த வெறுப்பில், 2021-ல் நாலு ஏக்கரோடு ஒரு வீட்டை வாங்கிப் போட்டுவிட்டான். அம்மாவும் அவனோடுதான் இருக்கிறாள். வெண்டைக்காய், புடலங்காய், கறிவேப்பிலை என்று ஒரு மினி சாத்தூரே போட்டிருந்தாள்.

அந்த இடம் எந்த நகராட்சிக்கும் சேராது. 'கவுண்டி' என்கிற மாவட்ட நிர்வாகம்தான் எல்லாம். காவலுக்கு ஷெரிஃப். அவர் யாரென்றால், தேர்தலில் நின்று, ஓட்டு வாங்கி ஜெயித்து வருகிற போலீஸ்காரர்! நம்ம ஊர் இன்ஸ்பெக்டர் வாசலில் வந்து கைகூப்பி ஓட்டுக் கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். காபி இன்னொரு தடவை சிந்தியது.

வேலிக்கு அந்தப் பக்கம் 12 ஏக்கர். அதில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு தாத்தா, ஒரு பாட்டி, இரண்டு குதிரை, ஒரு கிழட்டு நாய். அம்மா அவருக்கு 'டமால் மாமா' என்று பெயர் வைத்திருந்தாள்.

துப்பாக்கிக்கும் எனக்கும் உள்ள உறவு கொஞ்சம்தான். பி.காம். படிக்கும்போது என்.சி.சி.யில் பாயின்ட் 22 ரைஃபிளில் ஐந்து ரவுண்டு சுட்டிருக்கிறேன். ஒன்று அட்டையில் பட்டது. மற்ற நாலும் பின்னால் இருந்த மண்மேட்டுக்குள் போனது. "அந்த மேடு உன்னை மாதிரி ஆளுங்களுக்காகத்தான்டா கட்டியிருக்கு" என்றார் ஹவில்தார். அப்போது எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்கு டெக்சாஸில்தான் புரிந்தது.

நாட்கள் போகப் போக வீட்டின் சனிக்கிழமைச் சட்டங்கள் தெரிய வந்தன. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அண்ணி துணி காயப்போட வெளியே போக மாட்டார். ஏழு வயது மகளுக்காக வாங்கிய டிராம்போலின் (நம்ம ஊர் எக்ஸிபிஷனில் குழந்தைகள் குதிக்குமே, அந்த வலை) சும்மா கிடக்கும். அண்ணன் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைப்பான். சுடுகிறவர் காதில் கவசம் மாட்டிக்கொள்கிறார். கேட்கிறவர்களுக்கு டி.வி.தான் கவசம்!

பெரிய ரைஃபிள் என்றால் சுடுகிறவர் காதருகே சத்தம் 160 டெசிபலைத் தொடும். நம்ம சிவகாசி வெடிக்கு வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று 1999-லிருந்தே விதி இருக்கிறது. டெக்சாஸ் காட்டில் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மாதத்துக்கு ஒரு தடவை 'டமால்' போய் 'டமாஆஆர்' வரும். ஜன்னல் கண்ணாடி 'கிர்ர்' என்று அதிரும். துப்பாக்கித் தோட்டா பட்டால் வெடிக்கிற ஒரு மருந்துக் கலவையைக் கடையிலேயே விற்கிறார்களாம். அம்மோனியம் நைட்ரேட்டும் அலுமினியப் பவுடரும்.

"அலுமினியப் பவுடரா? அது எங்க ஊர்ச் சரக்குல்ல!" என்றாள் அம்மா.

அம்மா சிரித்தாலும் இது சிரிக்கிற சரக்கு இல்லை. 2017 ஏப்ரலில் அரிஸோனாவில் ஒருவர், பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று ஊருக்கு அறிவிக்க இதே மாதிரிக் கலவையை வைத்துச் சுட்டார். புல்லில் தீப்பற்றி 45,000 ஏக்கருக்கு மேல் எரிந்து போனது. வளைகாப்போடு நிறுத்திக்கொண்ட நம் முன்னோர்கள் புத்திசாலிகள்!

அம்மாவிடம் மட்டும் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. ஒவ்வொரு பெரிய சத்தத்துக்கும் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வருவாள். வானத்தை ஒரு சுற்றுப் பார்ப்பாள். உள்ளே போவாள். பயம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். "சாத்தூர்க்காரி வெடிச் சத்தத்துக்குப் பயப்படலாமாம்மா?" என்று கிண்டல்கூடப் பண்ணினேன். அம்மா பதில் சொல்லவில்லை.

"ஏண்ணே, அவர்கிட்ட ஒரு வார்த்தை போய்ச் சொன்னா என்ன?" என்று ஒரு நாள் கேட்டேன்.

அண்ணன் டி.வி.யை அணைத்தான். மகள் தூங்கிவிட்டாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"ஏப்ரல்ல நடந்தது உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அவன் சொன்னான்.

2023 ஏப்ரல் 28, வெள்ளிக்கிழமை ராத்திரி. அதே டெக்சாஸில், கிளீவ்லாண்ட் என்கிற சின்ன ஊருக்குப் பக்கம். அண்ணன் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம்தான். ஒரு ஆள் தன் வீட்டு முற்றத்தில் நின்று சுட்டுக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை தூங்க முடியாமல் அழுதது. ஹோண்டுராஸிலிருந்து பிழைக்க வந்த குடும்பம் அது. அவர்கள் போய், 'குழந்தை தூங்கணும், கொஞ்சம் தள்ளிப் போய்ச் சுடுங்களேன்' என்று கேட்டார்கள். அவன் ஒப்பவில்லை. போலீசுக்கு போன் போட்டார்கள். போலீஸ் வந்து சேர்வதற்குள், அவன் துப்பாக்கியோடு அந்த வீட்டுக்குள் நுழைந்துவிட்டான். ஐந்து உயிர் போயிற்று. அதில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன். குழந்தைகள் மேல் கவிழ்ந்து படுத்துக் காப்பாற்றிய இரண்டு பெண்களும் அதில் அடக்கம். நாலு நாள் தேடி, மே 2-ம் தேதி அவனைப் பிடித்தார்கள். பிடித்த ஊரின் பெயர் 'கட் அண்ட் ஷூட்'. நிஜமாகவே அப்படி ஒரு ஊர் இருக்கிறது.

"அவங்களும் மரியாதையாத்தான்டா கேட்டாங்க" என்றான் அண்ணன்.

நான் அதற்கப்புறம் கேட்கவில்லை.

விருந்தாளி என்பவன் மூன்று நாளைக்குத்தான் விருந்தாளி. நாலாவது நாளிலிருந்து அவனும் வேலைக்காரன்தான்! இரண்டாவது வாரம், தோட்டத்துத் தகர ஷெட்டைச் சுத்தம் செய்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால், இருட்டுக்குள் ஒரு மெல்லிய ஒளிக்கோடு. அந்தக் காலத்து டூரிங் டாக்கீஸில் புரொஜக்டர் ரூமிலிருந்து வருமே, அந்த மாதிரி. ஆஹா, என்ன அழகு என்று ரசித்துக்கொண்டே ஓட்டையைத் தேடினேன். வேலிப் பக்கத்துத் தகரத்தில் சுண்டு விரல் நுனிகூட நுழையாத ஒரு துளை. எதிர்ப் பக்கத் தகரத்தில் இன்னொரு துளை. அது வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தது.

அந்த இரண்டாவது துளைக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். இருபதடி தள்ளி டிராம்போலின் இருந்தது.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

ஷெரிஃப் ஆபீசிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் அம்மாவிடம் பேசினார். ஓட்டையைப் பார்த்தார், போட்டோ எடுத்தார், பொறுமையாகச் சட்டம் சொன்னார். இந்த மாதிரிக் கிராமப்புறத்தில் சொந்த நிலத்தில் சுடுவது குற்றமில்லை. மனைப்பிரிவுகளில் பத்து ஏக்கரும் அதற்குக் குறைவாகவும் இருக்கிற மனைகளில் சுடுவதற்குக் கவுண்டி நிர்வாகம் கட்டுப்பாடு கொண்டுவரலாம். ஆனால் டமால் மாமாவுக்கு 12 ஏக்கர். மற்றவர் உயிருக்கு ஆபத்து வருகிற மாதிரி, தோட்டா வேலியைத் தாண்டினால் அது வேறு விஷயம், கேஸ் போடலாம். ஆனால் இந்தத் தோட்டா எப்போது வந்தது, யார் சுட்டது? வீட்டின் பழைய சொந்தக்காரர் காலத்து ஓட்டையாகக்கூட இருக்கலாம்.

"நான் போய் அவர்கிட்ட பேசட்டுமா?" என்றார்.

அண்ணன் வேண்டாம் என்று தலையாட்டினான். "போலீசைக் கூட்டிட்டுப் போய் நின்னா, அப்புறம் ஜென்மத்துக்கும் பகை" என்றான் என்னிடம் தமிழில். இதில் மட்டும் சாத்தூரும் டெக்சாஸும் ஒன்றுதான்.

போலீஸ் வேண்டாம், நேரில் போகவும் பயம். மிச்சம் என்ன இருக்கிறது? கடிதம்! 'வணிகக் கடிதங்கள்' பேப்பரில் 72 மார்க் வாங்கியவன் வீட்டில் இருக்கும்போது என்ன கவலை?

"மதிப்பிற்குரிய ஐயா, தங்களின் சனிக்கிழமை நடவடிக்கைகள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவர விழைவது யாதெனில்..." என்று இங்கிலீஷில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அண்ணன் படித்துவிட்டு, "இதைப் படிச்சா நல்ல மனுஷனும் சுடுவான்" என்று மொத்தத்தையும் அடித்தான். கடைசியில் நாலு வரி மிஞ்சியது. 'எங்கள் ஷெட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது. பக்கத்தில் எங்கள் குழந்தை விளையாடுவாள். உங்களுக்கு வசதியான நேரத்தில் வந்து பார்க்க முடியுமா? நன்றி.' கீழே போன் நம்பர்.

சரி, கொண்டுபோய் அவர் வீட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிடலாம் என்று கிளம்பினேன். அண்ணன் பாய்ந்து வந்து தடுத்தான். ஸ்டாம்பு ஒட்டாமல் அடுத்தவர் தபால் பெட்டியில் கடிதம் போடுவது அமெரிக்காவில் சட்டப்படி குற்றமாம்! வேலி ஓரம் நின்று துப்பாக்கியால் சுடலாம். ஆனால் வேலியைத் தாண்டி ஒரு கடுதாசி போடக் கூடாது!

66 சென்ட் ஸ்டாம்பு ஒட்டினோம். அடுத்த வீட்டுக் கடிதம் ஹூஸ்டன் வரைக்கும் ஊர்கோலம் போய்விட்டு, மூன்றாம் நாள் நூறு கஜம் தள்ளிப் போய்ச் சேர்ந்தது.

நாலாம் நாள் சாயங்காலம். "ஏய்யா... டமால் மாமா வாராரு" என்றாள் அம்மா, ஜன்னல் பக்கமிருந்து.

எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். நீளமான மண் பாதையில், கையில் எங்கள் கடிதத்தோடு நடந்து வந்துகொண்டிருந்தார். அண்ணி மகளைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். அண்ணன் கண் அவர் இடுப்புக்குத்தான் போனது. 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் பெரும்பாலான பெரியவர்கள் லைசென்ஸ் இல்லாமலே இடுப்பில் கைத்துப்பாக்கி மாட்டிக்கொண்டு நடக்கலாம்.

அவர் இடுப்பில் ஒன்றும் இல்லை. அது எங்களுக்குத் தெரியட்டும் என்றுதானோ என்னவோ, இரண்டு கையையும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கியே வைத்து நடந்து வந்தார். வாசலுக்குப் பத்தடி முன்னாலேயே நின்றுகொண்டார்.

"நூறு கஜத்துக்குத் தபாலா? ஏன், கதவைத் தட்டியிருக்கலாமே?" என்றார்.

அண்ணன் ஒரு கணம் யோசித்தான். பொய் சொல்லவில்லை. "பயமாக இருந்தது, சார்" என்றான்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏப்ரல் விஷயம்" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை, தானே சொல்லிக்கொண்டார். அண்ணன் தலையை ஆட்டினான்.

இதற்கு மேல் அவர் உருகி, கட்டிப்பிடித்து, மன்னிப்புக் கேட்டார் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. "நான் 1979-லிருந்து இங்கே சுடுகிறேன். அப்போது இந்தப் பக்கம் வீடே கிடையாது, மாடு மேய்ந்தது. நீங்கள் வந்து இரண்டு வருஷம். சத்தம் பிடிக்காதவர்கள் ஏன் இங்கே வீடு வாங்கினீர்கள்?" என்றார், கொஞ்சம் சூடாகவே. நியாயம்தானே? ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் வீடு வாங்கிவிட்டு, ரயில் ஏன் கூவுகிறது என்று கேட்க முடியுமா?

"சத்தத்துக்கு இல்லை சார், ஓட்டைக்கு" என்றான் அண்ணன்.

ஷெட்டுக்குப் போனோம். "இது பழைய ஆணி ஓட்டை" என்றார் முதலில். பிதுங்கியிருந்த பக்கத்தைத் தடவிப் பார்த்தார். அப்புறம் பேச்சு நின்றுவிட்டது. "நீளமாக ஒரு நூல் இருக்கிறதா?" என்றார்.

அம்மா பூக்கட்டுகிற நூல்கண்டைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒரு துளையில் விட்டு மறு துளையில் வாங்கி, இழுத்துப் பிடிக்கச் சொன்னார். நான் ஒரு முனை, அண்ணன் ஒரு முனை. அவர் பின்னால் போய்க் குனிந்து, ஒரு கண்ணை மூடி, நூலின் வழியாகவே பார்வையை ஓட்டினார். நூல் காட்டிய கோடு வேலியைத் தாண்டி, குதிரைக் கொட்டகையைத் தாண்டி, அவர் கட்டி வைத்திருந்த மண்மேட்டுக்கு நேராகப் போனது. மேட்டுக்குள் போகவில்லை. மேட்டின் தலைக்கு மேலே போனது.

நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ரத்தமில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பேரன்" என்றார். "ஆகஸ்ட்டில் வந்திருந்தான். பன்னிரண்டு வயது. பாயின்ட் 22. சின்னத் துப்பாக்கிதானே என்று விட்டேன்." திரும்பி டிராம்போலினைப் பார்த்தார். "தோட்டா டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறான், ஒன்றரை மைல் போகும், ஜாக்கிரதை என்று. ஐம்பது வருஷமாக அதைப் படிக்கிறேன். ஐம்பது வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். குறியைப் பார்க்காதே, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார் என்று."

என் கண் முன்னால் என்.சி.சி. ஹவில்தார் வந்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் அம்மா, "ஏய்யா, நான் சொல்றதை அவருக்கு அப்படியே சொல்லு" என்றாள்.

"எங்க ஊரைச் சுத்தி வெடி ஃபேக்டரி. தீபாவளி இல்லாத நாள்ல, நேரங்கெட்ட நேரத்துல சத்தம் கேட்டா அடுப்புல இருக்கிறதை அப்படியே போட்டுட்டு எல்லாரும் தெருவுக்கு வந்துருவோம். எந்தத் திசையில புகைன்னு பார்ப்போம். அந்தத் திசைக்கு வேலைக்குப் போன பொம்பளைங்க, பிள்ளைங்க யாரு யாருன்னு எண்ணுவோம். 2012-ல முதலிப்பட்டியில வெடிச்சப்போ நாப்பது உயிர் பக்கம் போச்சு. அவர் சுடும்போதெல்லாம் நான் வாசலுக்கு வர்றது பயத்துல இல்லை. புகை தெரியுதான்னு பார்க்கத்தான். பழக்கம் விட மாட்டேங்குது."

எனக்கே இது அன்றுதான் தெரியும். கிண்டல் பண்ணின நாக்கைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்தேன்.

அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நானும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன்" என்றார். "போன அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை ராத்திரி நீங்கள் வெடி வெடித்தீர்கள்."

2022 தீபாவளி! ஜூலை 4 சுதந்திர தினத்துக்கு விற்ற வெடிகளை வாங்கிப் பத்திரப்படுத்தி, அண்ணன் ராத்திரி பத்து மணி வரை அமர்க்களம் செய்திருக்கிறான்.

"நான் 1970-ல் வியட்நாமில் இருந்தேன். அன்றைக்கு உங்கள் வெடி முடிகிற வரை குளியலறையில் தரையில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். எழுபது வயதுக் கிழவன், கையில் இத்தனை துப்பாக்கியை வைத்துக்கொண்டு, பட்டாசுக்குப் பயந்தேன் என்று உங்களிடம் எப்படி வந்து சொல்வது?"

"தினமும் சுடுகிறீர்களே, சார்?" என்று கேட்டுவிட்டேன். (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் நான் ஏன் பத்திரிகைக்கு எழுதுகிறேன்?)

"என் விரல் அழுத்தினால்தான் என் துப்பாக்கி வெடிக்கும். அது எப்போது என்று எனக்குத் தெரியும். உங்கள் வெடி எப்போது என்று எனக்குத் தெரியாதே."

பி.காம். முதல் வருஷம் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள், ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்று. ஒரு வருஷமாக இந்த வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஒரு கணக்கு எழுதிக்கொண்டிருந்தோம். அந்தப் பக்கம் அவரும் ஒன்று எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் எதிர்ப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவே இல்லை.

சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டோம். எங்கள் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதியவன் அடியேன்தான். சுடுவதை அவர் விடமாட்டார், அதில் பேச்சுக்கே இடமில்லை. நவம்பர் 4-ம் தேதி மான் வேட்டை சீசன் ஆரம்பம். அதுவரை ரைஃபிளின் குறியைச் சரிபார்த்தாக வேண்டும். ஆனால் மேட்டை உயர்த்துவார், சுடுகிற திசையைக் காட்டுப் பக்கம் திருப்புவார். சுடுவதற்கு அரை மணி முன்னால் மெசேஜ் அனுப்புவார். ஜன்னலை அதிர வைக்கிற அந்த மருந்துக் கலவை ஜூலை 4-க்கு மட்டும். பேரன் சுட்டால் தாத்தா பக்கத்திலேயே நிற்பார். நாங்கள் வெடி வெடிப்பதாக இருந்தால் நேரம், எண்ணிக்கை இரண்டையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

"சைலன்ஸர் மாட்டிவிட்டால்?" என்று என் சினிமா அறிவைக் காட்டினேன். அவர் முதல் முறையாகச் சிரித்தார். அது சினிமாவில் வருகிற மாதிரி 'புஸ்' என்று ஆகாதாம், கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதற்கும் 1934-ல் போட்ட சட்டப்படி ஒன்றுக்கு 200 டாலர் வரி, விண்ணப்பம், காத்திருப்பு. அடுத்தவர் காதைக் காப்பாற்றுவதற்கு வரி! (2026 ஜனவரியிலிருந்து அந்த வரியைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். விண்ணப்பம் மட்டும் அப்படியே.)

மறுநாள் காலையிலேயே டிராக்டர் சத்தம் கேட்டது. மூன்று நாள் மண் அள்ளினார். ஷெட்டுக்குப் புதுத் தகரம் மாட்டிக் கொடுக்கிறேன் என்றார். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். "ஓட்டை இருக்கட்டும். இருந்தாத்தான் ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கும்" என்றாள்.

நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. தீபாவளி. சாயங்காலம் அண்ணன் மெசேஜ் அனுப்பினான், 'ஆறரையிலிருந்து ஏழு வரை. சத்த வெடி 12 மட்டும்.' ஆறு இருபத்தைந்துக்கு வேலி ஓரத்தில் ஒரு உருவம் வந்து நின்றது. டமால் மாமாதான்! காதில் சுடும்போது மாட்டுகிற அதே கவசம். கையில் வாட்ச்.

அம்மா ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவாள். அவர் தலையாட்டுவார். அதற்கப்புறம்தான் நான் ஊதுவத்தியைக் கொண்டுபோவேன். ஒவ்வொன்றுக்கும் அவர் தோள் ஒரு குலுங்கு குலுங்கியது. ஆனால் நகரவில்லை. பன்னிரண்டு முடிந்ததும் இரண்டு கை விரல்களையும் விரித்துப் பத்து காட்டினார், அப்புறம் இரண்டு விரல். "கணக்கு சரி!" என்று அம்மா தமிழிலேயே கத்தினாள். அவர் கவசத்தைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இதை எழுதிவிட்டு, 'ஆகவே நேயர்களே, மனம்விட்டுப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும்' என்று முடித்தால் அது பொய். கிளீவ்லாண்டில் அந்தக் குடும்பமும் பேசத்தான் போனது. எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர், நூலைப் பிடித்துப் பார்த்து, தன் தப்பைத் தன் கண்ணாலேயே பார்க்கத் தெரிந்தவர். சட்டம் எங்களுக்கு எதுவும் செய்யவில்லை. அந்த மனிதர் செய்தார். வேறொருவர் இருந்திருந்தால்? அண்ணிக்கு இன்றைக்கும் அந்தக் கேள்வி இருக்கிறது. மெசேஜ் வந்ததும் மகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வது இன்னும் நிற்கவில்லை.

என் கதைக்கு வருகிறேன். அதற்கடுத்த தீபாவளி, சென்னை. நம்ம ஊரில்தான் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் என்று 2018-லிருந்து கணக்கு இருக்கிறதே! (கணக்கு இருக்கிறது.) எங்கள் ஃப்ளாட்டில் கீழ் வீட்டுக்கு நான் குடிவந்து ஆறு வருஷத்தில் போனதே இல்லை. அன்று போய்க் கதவைத் தட்டினேன். வயதான ஒருவர் சங்கிலியைக் கழற்றாமலே எட்டிப் பார்த்தார்.

"சார், சாயங்காலம் ஏழு மணிக்குக் குழந்தைகளோட ஒரு பத்து வெடி வெடிக்கலாம்னு இருக்கோம். உங்களுக்குத் தொந்தரவு ஒண்ணும் இல்லையே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சந்தேகமாக ஒரு தடவை, இன்னும் சந்தேகமாக இன்னொரு தடவை.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி... இந்த வருஷம் எவ்வளவு நன்கொடை கேட்கறீங்க?"